செபமாலை மாதத்து நெடி

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்த இன்னாசிராஜின் வலது புஜத்தில் என்னவோ ஊர்ந்தது. துவரையைப் புடைத்துக்கொண்டிருந்த பாக்கியமேரி, ஈ என்று நினைத்து முறத்தால் விசிறினாள். ஈ ஒன்றும் பறக்கவில்லை. கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டிலிருந்து சதுரமாய் இறங்கிய வெளிச்சம் அந்தக் கையின் மேல் விழுந்திருந்தது. தோலுக்கு உள்ளே, கொதிக்க ஆரம்பிக்கும் களியின் மேற்பரப்பைப் போல, சதை ஓரிடத்தில் துள்ளி அடங்கியது. விரற்கடை தள்ளி இன்னோரிடத்தில் துள்ளியது. அவன் மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆள் தூங்க, கை மட்டும் விழித்திருந்தது.

அவள் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். கைக்குள் பிடித்த கோழிக்குஞ்சு போல அது படபடத்தது. உடனே எடுத்துக்கொண்டாள்.

எழுப்பிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது நோயாகிவிடும் என்று பட்டது. சொல்லாதவரை அது மத்தியானத்தில் கண்ட வெறும் காட்சி. மறுபடி முறத்தை எடுத்துப் புடைத்தாள். துவரை எழும்பி விழும் சத்தத்துக்கு நடுவே, திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று வியந்துகொண்டிருந்தாள்.

காரிமங்கலத்தைச் சுற்றியிருந்த மாந்தோப்புகளுக்கெல்லாம் மருந்தடிக்க இன்னாசிராஜைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் குச்சியால் கலக்குவார்கள். இவன் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரைக்கும் டிரம்முக்குள் விடுவான். "கட்டி கட்டியா நிக்கும். குச்சிக்குத் தெரியுமா அது? கைக்குத்தான் தெரியும்," என்பான். வலது கை. பூப்பூக்கும் காலத்தில் விடியுமுன் கிளம்பிப் போய், வெயில் ஏறியதும் திரும்புவான். அவனுக்கு முன்னால் அந்த நெடி வீட்டுக்குள் வரும். அழுகிய பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்து, அடியில் ஏதோ ஒரு தித்திப்பு. கல்யாணமான புதிதில் குமட்டியது. பிறகு அதுவே அவன் வாசனையாகிவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு அவனைக் கண்டுபிடித்துவிடுவாள்.

அந்த மத்தியானத்துக்குப் பிறகு வந்ததெல்லாம் வரிசையாக வந்தது. முதலில் சட்டைப் பொத்தான் போடமுடியவில்லை. பிறகு கால்செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அவன் தெரியாமலே நடந்து வந்தான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருந்த சதை இறங்கி, அங்கே ஒரு குழி விழுந்தது. அடுத்த வருடம் மா பூத்தபோது வேறொருவன் மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு போனான். குரல் மூக்கு வழியாக வர ஆரம்பித்தது. பக்கத்து அறையிலிருந்து யாரோ அவனைப்போலப் பேசுவதாக அவளுக்குத் தோன்றும்.

மெட்ராஸ் பெரிய டாக்டர் அவன் கையைத் தட்டிப் பார்த்தார், முழங்காலைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அவன் விரலை எடுத்து முகர்ந்தார்.

"கைகாலை அசைக்கிற நரம்பு இருக்கில்லமா, அது காய்ஞ்சுகிட்டு வருது."

"மருந்தாலீங்களா?"

"மருந்தாலதான்னு சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது. அடிக்கிறவங்க எல்லாருக்கும் வர்றதில்ல. ஊர் ஊரா ஆராய்ஞ்சுகிட்டுதான் இருக்காங்க."

"புள்ளைக்கு வருங்களா? ஒரே பொண்ணுங்க."

அவர் சுத்தியை மேசையில் வைத்தார். "இது ஒட்டுற வியாதி இல்ல. ஆனா அந்த மருந்து வாடையே வீட்ல வேணாம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அவள் ஊருக்கு எடுத்து வந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். புருஷனுக்கு இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்பதை மனது பஸ்ஸிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதைக் கண்டு அவளுக்கே தன்மேல் பயம் வந்தது. இனி தெரசா மட்டும்தான். ஒன்பது வயது. வருகிற கிறிஸ்து அரசர் திருநாளில் புதுநன்மை, அதாவது முதல் தடவையாகக் கோயிலில் நன்மை என்னும் திருவப்பம், வாங்கப்போகிறவள்.

வீட்டில் மருந்து பட்டதையெல்லாம் அகற்றினாள். மருந்துத் தொட்டி, குழாய், அவன் வேலைக்குப் போட்ட சட்டைகள், தலைக்குக் கட்டிய துண்டு எல்லாவற்றையும் வேலி ஓரம் குழி வெட்டிப் புதைத்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். தரையைச் சாணி போட்டு மெழுகினாள். பாயை வெயிலில் காயவைத்தாள். பகலெல்லாம் வீடு சாணியும் சுண்ணாம்புமாய் மணத்தது.

சாயங்காலம் அந்த நெடி வந்தது.

அது அக்டோபர். செபமாலை மாதம். ஐப்பசி மழை தொடங்குமுன்பே பொழுது சீக்கிரம் இருட்டிவிடும். மின்சாரம் வந்தால் உண்டு. மாதா சுரூபத்தைத் தினம் ஒரு வீட்டுக்கு எடுத்துப்போய், தெருவே அங்கே கூடிச் செபமாலை சொல்லும். அன்று கோயிலடித் தெருவில் இவர்கள் வீட்டு முறை. சுரூபத்துக்கு முன் மெழுகுத்திரி. கூட்டத்தின் மூச்சு, தலையெண்ணெய், செவ்வந்தி. கடைசி மன்றாட்டு முடிந்து எல்லாரும் எழுந்தபோது, இவை எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அது மெல்லக் கிளம்பியது. பூண்டு. மண்ணெண்ணெய். தித்திப்பு. அவள் திரும்பிப் பார்த்தாள். இன்னாசிராஜ் சுவரோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தான். வருடக்கணக்காக டிரம்மைத் தொடாத கைகள் மடியில் கிடந்தன.

மறுநாள் வேறொரு வீடு. அங்கேயும் வந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு வீடு. செபம் முடியும் நேரத்துக்கு, வரச்சொல்லி வைத்த ஆள் மாதிரி. தன்மேல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். சீயக்காய் போட்டுத் தலை முழுகினாள். சேலையை வேகவைத்துத் துவைத்தாள். தாலிக்கயிற்றைக்கூட மாற்றினாள். செபமாலை சொல்லும்போது மணிகள் விரலில் நகர, காதும் கண்ணும் இல்லாமல் வெறும் மூக்காகிவிட்டதுபோல உட்கார்ந்திருந்தாள். மற்ற யாரும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளை உறங்கவிடாமல் செய்தது. இல்லாத ஒன்றை நான் முகர்கிறேனா? இருக்கிற ஒன்றை இவர்கள் எல்லாரும் பழகிக்கொண்டுவிட்டார்களா?

எதிர்வீட்டு ஆரோக்கியம்மாளின் முறை வந்த அன்று தெரிந்தது.

செபம் முடிந்ததும் அந்தந்த வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுத் தீர்த்தத்தை எல்லார் கையிலும் ஊற்றுவார்கள். ஈஸ்டர் இரவில் சாமியார் மந்திரித்துக் கொடுக்கும் தண்ணீர். வருடம் முழுக்க மாடத்தில் வைத்திருப்பார்கள். காய்ச்சலுக்கு ஒரு வாய், பிரசவத்துக்கு ஒரு வாய், விதைக்குமுன் வயலுக்குக் கொஞ்சம். கையில் வாங்கிக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் தடவிக்கொள்வது வழக்கம். பாக்கியமேரி கையை நீட்டினாள். வாங்கினாள். வாயருகே கொண்டுபோனாள்.

நெடி அவள் உள்ளங்கையில் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். ஆரோக்கியம்மாள் கையில் இருந்தது அலுமினிய பாட்டில். வெள்ளிபோல மினுங்கும் உடம்பு, திருகுமூடி, மூடிக்குள் பழுத்துக் கறுத்த தக்கை. அவளுக்குத் தெரிந்த பாட்டில்தான். தோப்புக்காரர்கள் எறிந்துவிட்டுப் போவதை இன்னாசிராஜ் பொறுக்கி வருவான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, ஈஸ்டருக்கு முன்னால் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பான். உடையாது, ஒழுகாது. கண்ணாடி பாட்டில் வாங்க வழியில்லாத தெருவில் அது பெரிய பரிசு. ஏழெட்டு ஈஸ்டராக அவன் கொடுத்துவந்தான். அவள் வீட்டு மாடத்திலும் ஒன்று இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவியது அவள் கையால்தான். கழுவும்போது அவன் வாசனை என்று நினைத்தது இப்போது நினைவுக்கு வந்தது.

லேபிளைச் சுரண்டியிருந்தார்கள். ஆரோக்கியம்மாளின் பாட்டிலில் விஷம் என்று காட்டும் ஒரு சிவப்பு முக்கோணம் மட்டும் சுரண்டலுக்குத் தப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை முன்பக்கமாகத் திருப்பித்தான் அவள் எப்போதும் மாடத்தில் வைப்பாள். மூவொரு கடவுளின் அடையாளம் என்று.

"அக்கா, இத யாரும் குடிக்காதீங்க," என்றாள் பாக்கியமேரி. குரல் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. "இது மருந்து பாட்டில்."

"தெரியாதா எங்களுக்கு? உன் வூட்டுக்காரன் குடுத்ததுதான," ஆரோக்கியம்மாள் சிரித்தாள். "வெள்ளிக் குடம் மாதிரி நீட்டினான். இப்ப திருப்பிக் கேக்கறியா?"

"வாடை வருதுங்கக்கா. மோந்து பாருங்க."

நாத்தனார் மதலேனம்மாள் குறுக்கே வந்தாள். இன்னாசிராஜுக்கு மூத்தவள். அடுத்த வீடு. பங்குக் கோயிலில் பீடத்துக்குப் பூ வைப்பவள். "மந்திரிச்ச தண்ணியில வெஷம் நிக்குமா மேரி? சாமியார் கைய வெச்சப்பவே செத்துப் போயிருக்கும்."

"அப்ப ஏன் நாறுது அண்ணி?"

"செத்தது நாறாம என்னா பண்ணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கையிலிருந்த தண்ணீர் விரல் இடுக்கு வழியாக ஒழுகித் தரையில் சொட்டியது. தீர்த்தத்தைக் கீழே விட்டதற்கு யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். அவள் தெரசாவைத் தேடினாள். சுரூபத்துக்குப் பக்கத்தில் நின்று தெரசா ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, வேலியோரக் குழியை மறுபடி தோண்டி, மாடத்துப் பாட்டிலை அதில் கவிழ்த்தாள். மண்ணைத் தள்ளி மிதித்தாள். உள்ளே வந்து புருஷன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்த பாட்டிலுங்க எல்லாம்," என்று ஆரம்பித்தாள்.

"கழுவித்தான்... குடுத்தேன்," என்றான். வார்த்தைகள் மூக்கில் சிக்கிச் சிக்கி வந்தன. அவள் கேட்காமலே பதில் தயாராக இருந்தது. அப்படியென்றால் இவனும் நினைத்திருக்கிறான். எத்தனை மாதமாக, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீடாக நினைத்திருக்கிறான்.

"எங்கக்கா... எனக்கு தெனம் ஒரு மூடி... குடுக்குது. நல்லாயிரும்னு."

"எனக்குந்தான் குடுக்கறாங்க," என்றாள் தெரசா, ஞானோபதேசப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "ஸ்கூலுக்குப் போறப்ப. படிப்பு வரும்னு."

"எப்பத்திலிருந்துடி?"

"எப்பவுந்தான்மா. கொஞ்சம் கசக்கும். அத்தை வெல்லம் குடுக்கும்."

அன்றிலிருந்து பாக்கியமேரி உட்காரவில்லை. அடுப்பில் சோறு வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், வாசலிலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து தெரசா எழுதிக்கொண்டிருக்கும் இடத்துக்கு. மகளின் கைகளைப் பார்த்தாள். பல்பம் பிடிக்கும் விரல்கள். ஜடை பின்னும்போது ரிப்பனை இறுக்கும் விரல்கள். சட்டைப் பொத்தானை அவளே போடட்டும் என்று நின்று பார்த்தாள். குடத்தைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். தூங்கியதும் விளக்கைப் புஜத்தருகே கொண்டுபோய், தொடையருகே கொண்டுபோய், திரியின் ஆட்டமா தோலின் ஆட்டமா என்று கண் வலிக்கும்வரை பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. அசையாததைப் பார்த்துக்கொண்டிருப்பது, அசைவதைப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஏம்மா என் கையவே பாத்துக்கினு இருக்க?" என்றாள் தெரசா ஒருநாள்.

"வளையல் வாங்கலாமான்னு."

"புதுநன்மைக்கு வளையல் போடக்கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. போம்மா."

சாயங்காலச் செபத்துக்கு மகளை அனுப்பவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வைத்தாள். அதுதான் அவள் செய்த பிழை. கிணற்றடியிலிருந்து ஈரக்குடத்தோடு திரும்பியபோது படி ஏறுமுன்பே நெடி தெரிந்தது. உள்ளே மதலேனம்மாள் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். தெரசா வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காச்சல்னு சொன்னியே. சொல்லி அனுப்பறதில்லையா," என்றாள் மதலேனம்மாள். "ரெண்டு மூடி குடுத்திருக்கேன். நாளைக்கு எந்திரிச்சு ஓடும் பாரு."

குடம் சரிந்தது. தண்ணீர் புதிதாக மெழுகிய தரையில் பரவியது.

"அண்ணி, உங்க கால்ல விழறேன். எம் புள்ளைக்கு குடுக்காதீங்க."

மதலேனம்மாள் மூடியை இறுக்கிவிட்டு அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இரக்கம் இருந்தது. அதை எதிர்க்கப் பாக்கியமேரிக்கு வழி தெரியவில்லை. "தம்பிய நான்தான் தூக்கி வளத்தேன். அவனுக்கு வெஷம் குடுப்பேனா? சொல்லு. உங்க வூட்டுக்கு நான் வெஷம் குடுப்பேனா?"

பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த ஈஸ்டருக்குக் கண்ணாடி பாட்டில் கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். "இப்ப சொன்னா பயந்துடுவாங்கம்மா. உன் வீட்டுக்காரரத்தான் கரிச்சுக் கொட்டுவாங்க. அவரால அது தாங்க முடியுமா?" அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது. நியாயமாக இருந்த அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அவள் வீடு திரும்பினாள். தெருவில் ஒவ்வொரு வீட்டு மாடத்திலும், கதவிடுக்கு வழியாக, ஒரு மினுக்கல்.

அக்டோபர் முடிந்தது. மழை வந்தது. தெரசாவை அவள் கண்ணைவிட்டு விலகவிடவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூடவே போனாள், கூடவே வந்தாள். மதலேனம்மாள் வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்தினாள். பேச்சு நின்றது. பெரியவளோடு பேச்சு நின்ற வீட்டைத் தெரு பார்க்கும் விதம் அவளுக்குத் தெரிந்தது. பார்க்கட்டும். கை திடமாக இருந்தது. கால் திடமாக இருந்தது. தெரசா ஓடினாள், குதித்தாள், ஒரு கையால் வாளி தூக்கினாள்.

திருநாள் ஞாயிறு காலை, மழை விட்டு வெயில் அடித்தது. இரண்டு பேர் இன்னாசிராஜை நாற்காலியோடு தூக்கிப்போய்க் கோயிலுக்குள் ஆண்கள் பக்கம் வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை முக்காடு, தலையில் காகிதப்பூ முடி வைத்த பிள்ளைகள் மெழுகுத்திரியோடு வரிசையாக நடந்தார்கள். பாக்கியமேரி தெரசாவின் திரியை மட்டும் பார்த்தாள். சுடர் நேராக நின்றது. நடை முழுவதும் நேராக நின்றது. மாதக்கணக்கில் முதல் தடவையாக அவள் மூச்சை முழுதாக விட்டாள். தப்பித்துவிட்டோம். நெஞ்சுக்குள் அந்தச் சொல் எழுந்ததும் கண் நிறைந்தது. கொஞ்ச நேரம் பீடம் தெரியவில்லை.

நன்மை வாங்கும் நேரம். பீடத்துக்கு முன்னால் இருந்த மரக் கிராதியில் பெண்கள் பக்கம் எல்லாரும் முழந்தாளிட்டார்கள். முதலில் பூ வைக்கும் மதலேனம்மாள், அடுத்து ஆரோக்கியம்மாள், பிறகு தெருவின் மற்ற பெண்கள், நடுவில் புதுநன்மைப் பிள்ளைகள் அவரவர் தாயோடு. தெரசா இடது பக்கம். அவளுக்கு அடுத்துப் பாக்கியமேரி. கிழக்கு ஜன்னலிலிருந்து வெயில் நேராக இறங்கிக் கிராதியின் நீளத்துக்கும் விழுந்தது. சாமியார் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். கோயில் உபதேசியார், அப்பம் தவறி விழாமலிருக்க, தாடைக்குக் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தார்.

மதலேனம்மாள் கண்ணை மூடினாள். தலையை நிமிர்த்தினாள். நாக்கை நீட்டினாள்.

வெயில் அதன்மேல் பட்டது.

முதலில் எச்சிலின் மினுக்கம் என்று நினைத்தாள் பாக்கியமேரி. மினுக்கம் நகர்ந்தது. நாக்கு அசையவில்லை. நாக்குக்குள்ளே அசைந்தது. சின்னச் சின்னதாக, அந்த மத்தியானம் புஜத்தில் கண்டதுபோல. ஒன்று அடங்க ஒன்று.

சாமியார் நன்மையை வைத்தார். வாய் மூடியது. அவர் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியம்மாள். நாக்கு. ஓரம் முழுக்கத் துடிப்பு.

அதற்கடுத்தவள்.

அதற்கடுத்தவள்.

கைகள் கூப்பியபடி. கண்கள் மூடியபடி. திறந்த வாய்கள். கிராதி நெடுக, வெயிலில், ஒவ்வொன்றிலும்.

இத்தனை நாளும் மகளின் கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். விளக்கு பிடித்துப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவே இல்லை.

எழுந்து மகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முழந்தாள் தரையைவிட்டு வரவில்லை. தட்டு பக்கத்தில் வந்துவிட்டது.

தெரசா நிமிர்ந்தாள். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி. தலை ஆடவில்லை. முக்காடு ஆடவில்லை. இமை ஆடவில்லை. நாக்கை நீட்டினாள். சாமியார் அதன் நடுவில் நன்மையை வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

காற்று இல்லை. குழந்தை மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளை அப்பம் மட்டும், யாரும் தொடாமல், நாக்கின் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.